பாதி வரை இறங்கும் பிரேக் பெடல்: பெரிய மாஸ்டர் சிலிண்டர் தீர்வாகுமா?

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு. எஞ்சினின் வேகத்தைக் கூட்டிய பிறகு முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்கும், பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய நான்கு பிஸ்டன் காலிப்பர்களும் (டிஸ்க்கை இரு பக்கமும் இறுக்கும் கவ்விகள்) பொருத்தினேன். எஃகு வலை சுற்றிய ஹோஸும் போட்டாயிற்று. பின்னால் பழைய டிரம்தான். வண்டி நிற்கிறது, ஆனால் பெடல் பாதி வரை இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது, பஞ்சை மிதிப்பது போலவும் இருக்கிறது. இரண்டு மூன்று முறை மிதித்தால் சற்று மேலே வருகிறது. பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? ஆண்டுக்கு இரண்டு முறை இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலும் ஓட்டுவேன்.
வாசகர், திருவொற்றியூர்

பதில்: இப்போது வேண்டாம். கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்காமல் பெரிய பாத்திரமாக வாங்கி வைக்கும் வேலை அது. தண்டையார்பேட்டையில் என் பட்டறைக்கு இதே கதையோடு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை புதிய மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பம்பு) இல்லாமலேயே திரும்பிப் போயிருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. பெடல் நீளமாக இறங்குவது ஒன்று. பஞ்சு போல் குழைவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. முதலில் இவற்றைப் பிரித்துவிடுவோம்.

எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். கால் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்துபோகும். இனிக் காலில் படுவது பூஸ்டரின் உதவி கலக்காத, பிரேக் ஆயிலின் நேரடி அழுத்தம். இப்போது மீண்டும் அடுத்தடுத்து மிதித்துப் பாருங்கள். பெடல் மேலே வந்து கல் போல் நின்றால், எங்கோ டிஸ்க்கைக் கவ்வும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையிலோ, பின்சக்கரத்தில் டிரம்மை உள்ளிருந்து உரசும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலோ இடைவெளி கூடியிருக்கிறது. மேலே வந்தும் ஸ்பிரிங் போல் அமுங்கினால், பெரும்பாலும் காற்று. எத்தனை முறை மிதித்தாலும் உயரம் மாறாமல் அதே குழைவு என்றால் ஹோஸ், காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட் ஆகியவற்றில் ஒன்று வளைந்து கொடுக்கிறது. காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டரின் சீல் போய்விட்டது, அல்லது ஆயில் எங்கோ கசிகிறது. அந்த நிலையில் வண்டியைத் தெருவுக்கு எடுக்கவே கூடாது.

அடுத்தது காசு செலவில்லாத இன்னொரு சோதனை. கைப்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு பெடலை மிதியுங்கள். இறக்கம் சட்டென்று குறைந்தால் நீளத்துக்குக் காரணம் பின் டிரம். முன்பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் பின்பக்கத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. நம் பகுதியில் இது இன்னும் மோசம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக் காற்று. டிரம்முக்குள் இருக்கும் தானியங்கி அட்ஜஸ்டரின் பற்சக்கரம் துருவேறி இறுகிவிடும். ஷூ தேயத் தேய இடைவெளி கூடும், அட்ஜஸ்டர் அசையாது. டிரம்மைக் கழற்றி, சுத்தம் செய்து, ஷூ லேசாக உரசும் அளவுக்கு வையுங்கள். கைப்பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். முதலில் கேபிளை இறுக்கினால் ஷூ முழுதாகத் திரும்ப முடியாமல், அட்ஜஸ்டரும் வேலை செய்யாது.

நீளத்துக்கு இன்னொரு காரணமும் உங்கள் வண்டிக்குப் பொருந்துகிறது. பழைய ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர், பின் எனப்படும் சிறு உலோகக் கம்பிகளின் மேல் நகரக்கூடியது. டிஸ்க் சற்றுத் தள்ளாடினாலும் கூடவே அசைந்துகொள்ளும். நான்கு பிஸ்டன் காலிப்பர் இறுகப் பொருத்தப்பட்டது. டிஸ்க் தள்ளாடினால் பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும். அடுத்த முதல் மிதி வீணாகும். நீண்ட வளைவில் திரும்பி வந்த உடனே பெடல் ஆழமாகப் போகிறதா என்று கவனியுங்கள். போனால் சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் தள்ளாட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள், 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு ஒட்டியிருக்க, அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து முடுக்கியிருந்தாலும் இதே தொல்லைதான்.

இனிக் குழைவு. என் சந்தேகம் முழுக்கக் காலிப்பரிலிருந்து காற்றை வெளியேற்றும் சிறு திருகு, அதாவது பிளீடிங் நிப்பிள் மேல்தான். அது காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். காற்று மேலேதான் ஏறும். பழைய காலிப்பர்களை வாங்கிப் பொருத்தும்போது இடது வலது மாறிவிட்டால் நிப்பிள் அடியில் போய்விடும். நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் உச்சியில் ஒரு குமிழி உட்கார்ந்தே இருக்கும். ஆயில் சுத்தமாக வருகிறதே என்று மெக்கானிக் சத்தியம் செய்வார். அதுவும் உண்மைதான். சக்கரத்தைக் கழற்றி உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள். சில காலிப்பர்களில் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு நிப்பிள் இருக்கும். இரண்டிலும் எடுக்க வேண்டும். ரப்பர் சுத்தியலால் காலிப்பரை மெல்லத் தட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழிகள் விடுபடும்.

ஏர் எடுக்கும்போது உதவிக்கு வருபவர் பெடலைத் தரை வரை மிதிக்காதபடி அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். இத்தனை ஆண்டு ஓடிய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத அடிப்பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். சீல் அங்கே உரசினால் கிழியும். நேற்று வரை இல்லாத புது நோய் தொடங்கும். ஹோஸ் மாற்றியபோது ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்திருந்தால் காலால் மிதித்து மட்டும் அதை வெளியேற்ற முடியாது. ஸ்கேனர் இணைத்து உள்ளே இருக்கும் வால்வுகளையும் பம்பையும் இயக்கித்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் மாஸ்டர் சிலிண்டர் பேச்சு. அதற்கும் ஊகம் வேண்டாம், விட்டம் அளக்கும் கருவியான வெர்னியர் காலிப்பர் போதும். உதாரணத்துக்கு, பழைய ஒற்றைப் பிஸ்டனின் விட்டம் 54 மி.மீ. என்றால் பரப்பு சுமார் 2,290 சதுர மி.மீ. புதியதில் நான்கு பிஸ்டன்களையும் கூட்டிவிடாதீர்கள். ஒரு பக்கத்து இரண்டு மட்டும்தான் கணக்கு. நகரும் காலிப்பர் ஒற்றைப் பிஸ்டனைக் கொண்டே இரு பக்கமும் பிடிக்கிறது அல்லவா? தலா 38 மி.மீ. என்றால் இரண்டும் சேர்ந்து சுமார் 2,270. பழையதற்குச் சமம், மாஸ்டரைத் தொடவே தேவையில்லை. தலா 42 மி.மீ. என்றால் சுமார் 2,770. முன்பக்கத்துக்கு 21 விழுக்காடு கூடுதல் ஆயில் தேவை. பெடல் நீளமாகத்தான் செய்யும். அப்போது மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு.

20.64 மி.மீ. துளையுள்ள மாஸ்டரை 22.22க்கு மாற்றினால் பரப்பு 16 விழுக்காடு கூடும். பெடல் இறக்கம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். அதே கால் பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தமும் அதே ஏழில் ஒரு பங்கு குறையும். இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. பெடல் உறுதியாக இருப்பதால் பிரேக் கூடிவிட்டதாகக் காலுக்குத் தோன்றும். வண்டி நிற்க முன்பைவிட ஓங்கி மிதிக்க வேண்டியிருக்கும். காற்றை வெளியேற்றாமல் மாற்றினால் குழைவை மறைத்துவிட்டு அதே குமிழியோடு பந்தயத் தடத்தில் இறங்குவீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பூஸ்டரின் தள்ளுகோலுக்கும் மாஸ்டர் பிஸ்டனுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பிரேக் முழுதாக விடாது. டிஸ்க் சூடேறிக்கொண்டே இருக்கும்.

ஹோஸ் மாற்றியது நல்லதுதான், ஆனால் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் முறுக்கேறுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். எஃகு வலை ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கிச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அனுமதிக்காதீர்கள். பேடைப் பொறுத்தவரை, தடத்துக்கென்றே செய்த கடினமான பேடு திருவொற்றியூர் நெடுஞ்சாலை நெரிசலில் சூடேறாமல் சரியாகக் கடிக்காது.

பிரேக் ஆயிலில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ்; ஈரமேறிய நிலையில் 155 டிகிரி. டாட் 5.1க்கு அவை 260, 180. தடத்தில் சில சுற்றுகள் வரை நன்றாக இருந்த பெடல் திடீரென்று தரைக்குப் போனால் உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது என்று பொருள். தடத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் சீல் உடைக்காத புதுப் புட்டியிலிருந்து மாற்றிவிடுங்கள். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கோன் வகை. அதை இதனோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் வண்டிக்கும் அது ஆகாது.

சோதனை ஓட்டத்தைக் கன்டெய்னர் லாரிகள் முட்டி மோதும் எண்ணூர் விரைவுச்சாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆளில்லாத திடலில் மெதுவாகத் தொடங்குங்கள். உற்பத்தியாளரின் அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது; விபத்தென்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் அதைத்தான் கேட்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பிரேக் சோதனையைச் செய்து, நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிஸ்டன்களின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி அப்போது பேசலாம்.