மெட்ரோப் பயணத்தில் ஓவியம்: என் பதில்

வணக்கம். விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு நாள்தோறும் மெட்ரோவில் சென்று திரும்புவதாகவும், இரவில் படம் வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றும், ஓவியத்தையே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓவியத்தை நிறுத்த வேண்டாம். இரவில் வரைவதை மட்டும் நிறுத்துங்கள்.

உங்களுக்கு வாய்த்த நல்ல நேரம் காலைப் பயணம்தான். பாதையின் தொடக்கத்திலேயே ஏறுவதால் இருக்கை கிடைப்பது எளிது. புதுவண்ணாரப்பேட்டை வரை ரயில் உயர்பாதையில் செல்வதால், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளையும் துணி காயும் கொடிகளையும் விரைவுக் கோடுகளில் பிடிக்கலாம். அதன்பின் சுரங்கத்துக்குள் சன்னலில் ஒன்றும் தெரியாது. அப்போது கம்பியைப் பற்றிய விரல்களையும் மடியில் கிடக்கும் பைகளையும் வரையுங்கள். முகங்களைத் தவிர்ப்பதே நாகரிகம், ஏனெனில் அறிமுகமற்றவர் உற்றுப் பார்ப்பதை யாரும், குறிப்பாகப் பெண்கள், விரும்புவதில்லை. பென்சிலும் ரப்பரும் வேண்டாம். சாதாரணப் பால்பாயிண்ட் பேனா போதும். அழிக்க வழியில்லை என்று தெரிந்தால் கை தயங்குவதில்லை என்பது என் கருத்து. வண்டி குலுங்கிக் கோடு கோணினால் கோணட்டும்.

பொறுமையாக வரைய விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் இராயபுரம் ரயில் நிலையத்துக்குச் செல்லுங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட அந்தக் கட்டடத்தின் தூண் வரிசை, ஒளியும் நிழலும் பழகுவதற்கு மிகவும் ஏற்றது. மாலையில் என்றால், கடற்கரை நிலையத்துக்கு அருகிலுள்ள பர்மா உணவுக் கடைகளில் அத்தோ என்னும் நூடுல்ஸைப் பிசையும் கைகளின் வேகத்தை வரைந்து பாருங்கள். தட்டு வருவதற்குள் நோட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். எண்ணெய்க் கறை போகாது.