செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம் ஏன் எண்ணெய் குடிக்கிறது?

கேள்வி: "1 அளவு கப் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து. காரைக்குடித் தோழி சொன்ன இந்தக் கணக்கில்தான் வெள்ளைப் பணியாரம் செய்கிறேன். இரவே அரைத்து வைத்துக் காலையில் ஊற்றுகிறேன். 3 முறை செய்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எண்ணெய் குடிக்கிறது, நிறமும் சிவந்துவிடுகிறது. எங்கே தவறு?"

முதலில் உங்கள் கப்பின் வாயை ஒரு அடிக்கோலால் அளந்து பாருங்கள். எண்ணெய் குடிப்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிவப்பதற்குக் காரணம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிறந்தது தேவகோட்டை, இப்போது இருப்பது காரைக்குடி. சிறு வயது முழுக்க அப்பத்தா எண்ணெயில் ஊற்றிப் பொரித்துக் கொடுத்த வெள்ளைப் பணியாரத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவள். அவர் இருந்தவரை அடுப்படியில் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது நீங்கள் எழுதிய அதே ஒற்றை வரிதான்: "அரிசியைத் தலை தட்டு, மேல உளுந்தைக் கோபுரமா வை." இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆழாக்கு என்ற பழைய அளவுப் பாத்திரத்தில் அரிசியை நிரப்பித் தலை தட்டிவிட்டு, அதன் மேலேயே உளுந்தை வழிகிறவரை குவிக்க வேண்டும். அந்தக் குவியல்தான் உளுந்தின் அளவு. கப், கரண்டி எதுவும் தேவையில்லை.

நானும் வீட்டில் நான்கு பேருக்குச் செய்யும்போதெல்லாம் இந்தக் கணக்கில் செய்து நன்றாகவே வந்தது. அப்பாவின் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணத்துக்கு) முதல் நாள், வந்திறங்கிய உறவினர்களுக்கெல்லாம் மாலைப் பலகாரமாகச் செய்ய நினைத்தேன். ஆழாக்கு ஆழாக்காக அளந்தால் நேரமாகும் என்று ஒரு அகலமான எவர்சில்வர் டப்பா நிறைய அரிசி போட்டு, அதே போல மேலே உளுந்தைக் குவித்துவிட்டேன். மாவு பார்க்க அழகாக, வெண்ணெய் போல இருந்தது. எண்ணெயில் விட்டதும் பஞ்சு மாதிரி உப்பியது. எடுத்து வடிதட்டில் வைத்தால் கீழே எண்ணெய் குளம் கட்டிவிட்டது. பெரியவர்கள் ஒன்றும் சொல்லாமல் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு தட்டை நகர்த்தி வைத்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதே அரிசி, அதே உளுந்து, அதே கணக்கு. பிறகு எப்படி இப்படி ஆனது?

விடை எளியது. குவியலின் அளவு பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பதைப் பொறுத்ததில்லை, வாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. உளுந்தைக் குவித்தால் அது ஒரு குறிப்பிட்ட சரிவில்தான் நிற்கும், அதற்கு மேல் சரிந்துவிடும். அதனால் வாய் அகலமாக ஆக, கூம்பின் உயரமும் சேர்ந்து வளர்கிறது. வாய் 2 மடங்கு அகலமானால் கூம்பில் நிற்கும் உளுந்து 8 மடங்காகிவிடும். கீழே இருக்கும் அரிசி அந்தக் கணக்கில் கூடுவதில்லை.

இதை உறுதி செய்துகொள்ள, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் விற்கும் கடைகளில் தேடி ஒரு பித்தளை ஆழாக்கு வாங்கினேன். அப்பத்தாவுடையது எப்போதோ கைமாறிப் போய்விட்டது. வாங்கி வந்ததில் தலை தட்டி அரிசி, மேலே கோபுரமாக உளுந்து வைத்து, கோபுரத்தை மட்டும் வழித்து மேசைக்கரண்டியால் அளந்தேன். ஏறக்குறைய ஒன்றேகால் கரண்டி. அரிசி 9 பங்கு என்றால் உளுந்து 1 பங்கு. அடுத்து, வாய் அகன்ற 240 மில்லி கப்பில் அதே போலச் செய்தேன். கோபுரத்தில் மட்டும் 3 கரண்டி! அரிசி 5 பங்குக்கு உளுந்து 1 பங்கு. இந்த மாவில் பணியாரம் எண்ணெய் குடிக்காமல் வேறென்ன செய்யும்?

பழைய ஆழாக்கு, உழக்கு எல்லாம் வாயும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக, ஒரே வார்ப்பில் இருக்கும். சின்னதில் அளந்தாலும் பெரியதில் அளந்தாலும் விகிதம் மாறாது. அந்தப் பாத்திரங்கள் வீட்டில் இருந்தவரை அந்த ஒற்றை வரி போதுமானதாக இருந்திருக்கிறது. அப்பத்தா சொன்னதில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, உங்களுக்கான அளவு. உங்கள் 240 மில்லி கப்பில் தலை தட்டி 1 கப் பச்சரிசி, அதற்கு 2 மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக முழு வெள்ளை உளுந்து. கரண்டியும் தலை தட்டித்தான், குவித்து அளக்க வேண்டாம்.

உளுந்து ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அதன் பசைதான் அரைக்கும்போது காற்றைப் பிடித்து வைக்கிறது. எண்ணெயில் விழுந்ததும் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி அந்தக் காற்றறைகளை ஊதிவிடும். நடு உப்புவது அதனால்தான். உளுந்து கூடினால் அறைகள் கூடி, உள்ளே பஞ்சாகி எண்ணெயை உறிஞ்சும். குறைந்தால் உப்பாமல் வறட்டியாகி, ஆறியதும் கடிக்கவே முடியாது.

இப்போது நிறம். இரவே அரைத்து வைப்பதை விட்டுவிடுங்கள். இட்லி, தோசை மாவு பழக்கத்தில் எல்லோரும் செய்வது இது. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு புளிக்கவே கூடாது. நாங்கள் நான்கு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு சமையல் குழு வைத்திருக்கிறோம். நால்வருமே வீட்டுச் சமையல்காரிகள்தான், தொழிலாகச் செய்பவர்கள் யாரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரவர் வீட்டில் ஒரே அளவில் அரைத்து, உடனே ஒன்று, 4 மணி நேரம் கழித்து ஒன்று, 8 மணி நேரம் கழித்து ஒன்று என ஊற்றிப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டோம். நான்கு வீட்டிலும் ஒரே முடிவு. உடனே ஊற்றியது மல்லிகைப்பூ. 4 மணி நேரத்தில் ஓரம் இளமஞ்சள். 8 மணி நேரத்தில் வடை நிறம், மேலெல்லாம் துளை, போதாததற்கு எண்ணெயும் குடித்திருந்தது. மாவு புளிக்கப் புளிக்க அரிசியின் மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாகிறது. சர்க்கரை எண்ணெயில் பட்டால் சிவக்கும். இதே காரணத்தால் மாவில் சேர்க்கும் சர்க்கரையும் ஒரு சிட்டிகையோடு நிற்க வேண்டும். அரை ஸ்பூன் போடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆகவே காலையில் பணியாரம் வேண்டுமானால் விடிகாலையில் அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகக் கழுவி 2 மணி நேரம் ஊறப் போடுங்கள். அரைத்த கையோடு ஊற்றுங்கள். முடியாவிட்டால் மாலைப் பலகாரமாக வைத்துக்கொள்ளலாம்.

அரைப்பது கிரைண்டரானாலும் மிக்சியானாலும் சரி, திப்பி இல்லாமல் மைய அரைய வேண்டும். மிக்சி என்றால் குளிர்ந்த நீர் விட்டு, விட்டு விட்டு அரையுங்கள். மாவு சூடாகக் கூடாது. உப்பைக் கடைசியில் போடுங்கள்.

மாவின் பதத்தில்தான் நான் அதிக நாள் திணறினேன். தோசை மாவை விட இளக்கம், ஆப்ப மாவை விடக் கெட்டி என்று சொல்லலாம், ஆனால் ஒவ்வொருவர் வீட்டுத் தோசை மாவும் ஒவ்வொரு மாதிரி. பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் வந்து என் மாவைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். "ஏத்தா, இது கட்டியா விழுகுது பாரு. நூலா விழுந்தாலும் ஆகாது. நாடா மாதிரிப் பட்டையா, விட்டுப் போகாம விழணும்" என்றார். தண்ணீர் விடப் போனவளைத் தடுத்து 2 கரண்டி காய்ச்சி ஆறிய பால் விட்டுக் கலக்கினார். "இத்தனை நாளாப் பால் விடாமலா ஊத்துன?" என்று கேட்டார். ஓரம் மென்மையாக இருக்கப் பால் உதவுகிறது, நானும் இப்போது விடுகிறேன். அதற்கு மேல் விட வேண்டாம், பாலிலும் சர்க்கரை உண்டு.

கெட்டியான மாவு உருண்டையாக போண்டா போல வரும். நீர்த்த மாவு எண்ணெயில் பரந்து, நடு உப்பாமல் எண்ணெய் குடிக்கும். உங்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சட்டி. இது குழிப்பணியாரம் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும்: குழிச்சட்டி வேண்டாம். அடி குழிந்த சின்ன இருப்புச்சட்டிதான் வேண்டும். குழிவு இருந்தால்தான் மாவு நடுவில் திரண்டு நிற்கும், ஓரம் மெல்லிசாகப் படரும். தட்டையான வாணலியில் முயன்று பார்த்தேன், அப்பளம் போல வந்தது. பணியாரம் நன்றாக மிதக்கும் அளவுக்கு எண்ணெய் இருக்கட்டும். கடலை எண்ணெய்தான் எங்கள் பக்கத்து வழக்கம். செக்கு எண்ணெயில் ருசி கூடும், நிறம் சற்று மங்கும். ஒருமுறை வடை சுட்ட எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு துளி மாவு விட்டால் சட்டென்று மேலே வர வேண்டும், ஆனால் சிவக்கக் கூடாது. நான் ஒரு வெப்பமானி வாங்கி அளந்தேன். 170-லிருந்து 180 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும்போது சரியாக வருகிறது. குழிக்கரண்டியை எண்ணெய்க்கு அருகே கொண்டுபோய், கையை ஆட்டாமல் ஒரே இடத்தில் ஊற்றுங்கள். மேலே எழும்பியதும் சூடான எண்ணெயை அதன் முதுகில் இரண்டு முறை வாரி விட்டால் உப்பும். திருப்பிப் போட்டு, ஓசை அடங்கும்போது எடுத்துவிட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டு போட்டால் எண்ணெய் சூடு இறங்கிவிடும், சூடு இறங்கினால் எண்ணெய் குடிக்கும்.

அளவை இவ்வளவு சரியாகச் சொன்ன பிறகும், முதல் பணியாரத்தைச் சோதனைக்கென்றே ஊற்றுங்கள். ஏனென்றால் அரிசி ஒரே மாதிரி இருப்பதில்லை. தை மாதம் வரும் புதுப் பச்சரிசி மாவு பிசுபிசுக்கும், ஆறு மாதம் பழசானது தண்ணீர் அதிகம் இழுக்கும். என் வீட்டில் பழைய அரிசிக்குத்தான் முதலிடம். முதல் பணியாரத்தை ஒரு தாளில் வைத்து அழுத்திப் பாருங்கள். எண்ணெய்க் கறை பெரிதாக இருந்தால் 1 கரண்டி அரிசி மாவைக் கட்டியில்லாமல் கரைத்துச் சேருங்கள். ஆறியதும் விறைத்தால் 1 ஸ்பூன் உளுத்தம் மாவை நுரைக்க அடித்துக் கலக்குங்கள். இரண்டாவதை ஊற்றி மறுபடி பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு தோழி இந்த நிலையில் மைதா சேர்ப்பார். எண்ணெய் குறைகிறது, உண்மைதான். ஆனால் ஓரத்தின் மொறுமொறுப்பு போய்ச் சவ்வு மாதிரி இழுக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆப்பசோடா பக்கம் போகவே வேண்டாம், அது எண்ணெயை இன்னும் இழுக்கும்.

தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி இல்லாமல் இந்தப் பணியாரம் முழுமையாகாது. 10 குண்டு மிளகாயை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, 15 சின்ன வெங்காயம், 4 பல் பூண்டு, கொட்டைப்பாக்கு அளவு புளி, கல் உப்பு சேர்த்துப் பச்சையாக அரைத்து, கடுகு உளுந்து கறிவேப்பிலை தாளித்து நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுருள வதக்க வேண்டும். குண்டு மிளகாய் வெளியூர்க் கடைகளில் கிடைக்கவில்லை என்றால் இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று கேளுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தப் பெயருக்குத்தான். நீட்டு மிளகாயில் செய்தால் காரம் வரும், அந்த மணமும் அடர்த்தியும் வராது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கப் அரிசியில் செய்து பாருங்கள். பின்னூட்டத்தில் முதல் பணியாரத்தின் படத்தையும் உங்கள் கப்பின் வாய் எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் போடுங்கள். கோபுரத்தை வழித்து எத்தனை கரண்டி வந்தது என்றும் எழுதினால், என் நோட்டில் உங்கள் கப்பையும் சேர்த்துக்கொள்வேன்.