ஹேமக் பட்டை மரத்தை எட்டவில்லை என்றால் கயிறு சேர்த்து நீட்டலாமா?

தாராளமாக நீட்டலாம். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் கடற்கரை மரங்கள் விலகி நிற்கின்றன, ஹேமக் என்ற தொங்கு படுக்கையின் பட்டை எட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பூங்கா மரத்தில் கட்ட அனுமதி உண்டா என்பதை முதலில் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மரத்தைச் சுற்றி அகலப் பட்டையே இருக்கட்டும்; வெறும் கயிறு மரப்பட்டையை அறுக்கும். பட்டைக்கும் ஹேமக்கிற்கும் நடுவில்தான் கயிறு வரவேண்டும். எட்டு மில்லிமீட்டர் பாலியெஸ்டர் பின்னல் கயிறு வாங்குங்கள். நைலான் வேண்டாம்: மழையில் நனைந்தால் இன்னும் இழுபடும், நள்ளிரவில் முதுகு தரையைத் தொடும்.

கற்கவேண்டியது போலைன் என்ற ஒரே முடிச்சு. கயிற்றில் சிறு வளையம் போடுங்கள். நுனிப்பக்கம் மேலே இருக்கட்டும். நுனியைக் கீழிருந்து வளையத்துக்குள் ஏற்றி, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, அதே வளையத்துக்குள் இறக்கி இறுக்குங்கள். நுனி ஒரு சாண் மிஞ்சவேண்டும். எவ்வளவு பாரம் தாங்கினாலும் பிறகு எளிதில் அவிழும். அதனால்தான் எனக்கு இது இவ்வளவு பிடிக்கும். இரு முனையிலும் இதையே போட்டுக் கொக்கியில் மாட்டுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கோணத்தில். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்தால், 70 கிலோ உடலுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவிசை. 10 பாகையில் அது 200 கிலோவாகிவிடும்! ஆகவே விறைப்பாகக் கட்டாதீர்கள். ஒரு பக்கம் கயிறு ஒரு மீட்டர் நீண்டால், அந்த 30 பாகை மாறாமலிருக்க அங்கே கட்டும் இடமும் அரை மீட்டர் உயரவேண்டும்.

முதலில் முழங்கால் உயரத்தில் கட்டி, மெதுவாக உட்கார்ந்து பாருங்கள்.