கிழக்கு, மேற்கு என்று பிரிக்கலாமா?

கேள்வி: இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் முதன்மையான கிளைகள் எவை? அவற்றைக் கிழக்குக் கிளைகள், மேற்குக் கிளைகள் என இரண்டாகப் பிரிப்பது சரிதானா?

பதில்: பொதுவாகப் பத்துக் கிளைகளைச் சொல்வார்கள். இந்தோ-இரானியம், கிரேக்கம், இத்தாலிக்கம், கெல்டிக், ஜெர்மானியம், பால்டோ-ஸ்லாவியம், ஆர்மீனியம், அல்பேனியம் ஆகிய எட்டும் இன்றும் வழக்கில் உள்ளவை. அனத்தோலியமும் தொக்காரியமும் வழக்கொழிந்தவை. ஆர்மீனியத்தை இரானியத்துள் அடக்கி வந்த காலமும் உண்டு. அதில் மலிந்து கிடப்பவை கடன் சொற்களே என்றும், அது தனிக்கிளை என்றும் 1875இல் ஜெர்மானிய மொழியியலாளர் ஹியூப்ஷ்மன் நிறுவினார். சொற்கள் ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு பேசுவோர் இதை நினைவில் கொள்வது நல்லது.

நீங்கள் கேட்கும் பாகுபாடு 'நூறு' என்னும் எண்ணுப்பெயரை வைத்து எழுந்தது. லத்தீனில் அது 'கெந்தும்', சம்ஸ்கிருதத்தில் 'சதம்'. மேற்கே ககரமும் கிழக்கே சகரமும் நிற்பதால், மூலமொழி முதலில் இரண்டாகப் பிளந்தது என 19ஆம் நூற்றாண்டில் பலர் கருதினர். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய சீனாவின் மேற்கிலுள்ள தாரிம் படுகையில் கிடைத்த ஏடுகளிலிருந்து தொக்காரியம் வெளிப்பட்டபோது, குடும்பத்தின் கிழக்குக் கோடியில் இருந்த அம்மொழியில் நூறு என்பது 'கந்தெ' என்று ககரத்தோடு நின்றது! அதன்பின் அப்பாகுபாடு ஓர் ஒலிமாற்றத்தின் பரவலைக் காட்டும் குறிப்பாகச் சுருங்கிவிட்டது.

இதைவிடச் சுவையானது, துருக்கியின் போகாஸ்கோயில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளில் இருந்த, அனத்தோலியக் கிளையைச் சேர்ந்த ஹிட்டைட் மொழியின் கதை. அது இந்தோ-ஐரோப்பியமே என்று 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி காட்டினார். அதற்கு முன்பே, 1879இல் வெளிவந்த நூலில், சில நெடில் உயிர்கள் ஒரு குறிலும் பின்னர் மறைந்துபோன ஓர் ஒலியும் சேர்ந்து உருவானவை என அன்று இளைஞரான சுவிஸ் மொழியியலாளர் சொசூர் ஊகித்திருந்தார். எந்த மொழியிலும் அவ்வொலி அன்று காணப்படவில்லை. சம்ஸ்கிருதத்தில் காத்தலைக் குறிக்கும் 'பா' என்னும் வேருக்கு ஹிட்டைட்டில் இணையானது 'பஹ்ஸ்'. நெடிலுக்குள் கரைந்த ஒலி அங்கே ஹகரமாக நிற்பதைப் போலந்து மொழியியலாளர் குரிலோவிச் 1927இல் எடுத்துக்காட்டினார்.

இவ்வாறான பழைமைக் கூறுகளால், மூலத்திலிருந்து முதலில் பிரிந்தது அனத்தோலியமே என்று இன்று ஆய்வாளர் பலரும் கொள்கின்றனர். இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டுமெனில், அனத்தோலியத்தை ஒருபுறமும் ஏனைய ஒன்பதையும் மறுபுறமும் வைக்கலாம்.