கேமரா மாத்திரை குடலில் சிக்கிக்கொள்ளுமா?

கோபிக்கார அண்ணா, மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தும் அம்மாவுக்கு ரத்தம் ஏன் குறைகிறது என்று தெரியவில்லை, இப்போது கேமரா மாத்திரையை விழுங்கச் சொல்கிறார்கள், சிக்கிக்கொள்ளுமோ என்று பயம் என்கிறீர்கள். சரிங்க, அந்தக் குழாய்கள் எட்டாத சிறுகுடலே ஏறக்குறைய 6 மீட்டர், அதைப் பார்க்கத்தான் இது. எங்கள் அப்பாருக்குச் செய்தபோது, படங்களைப் பதிவுசெய்யும் ரெக்கார்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, "உள்ள லைட்டு எரியுதா கண்ணு?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். சுமார் 26 மி.மீ. நீளம்தான், சிக்குவது அபூர்வம். ஆனால் வயிற்று ஆபரேஷனோ குடல் காசநோயோ இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், குடல் எங்காவது குறுகியிருக்கிறதா என்று, கரைந்துபோகும் சோதனை மாத்திரை கொடுத்துப் பார்ப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரையை எப்போது நிறுத்துவது என்றும் கேளுங்கள், கறுப்புப் படிந்து படம் தெளிவாகத் தெரியாது. அப்புறம், கேமரா மாத்திரை வெளியே வரும்வரை எம்ஆர்ஐ எடுக்கவே கூடாதுங்க.