அப்பளப் பெட்டியும் பி.காம். விண்ணப்பமும்

கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சிக்கு,

வணக்கம். போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தீர்கள். வெளியே நாலு பேர் காத்திருந்ததால் அரக்கப்பரக்கப் பேசி அனுப்பிவிட்டேன். ஊருக்குப் போய் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். ஏழு நிமிஷம். சுற்றிச் சுற்றி வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: "பி.காம். சேர்த்துவிட்டு, அவள் முடித்து வருவதற்குள் கணக்கெழுத ஏஐயே போதும் என்று ஆகிவிட்டால் நான் என்ன செய்ய?" இந்த மே மாதம் பிள்ளைகளின் மேல்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்த பாதிப் பேர் இதைத்தான் கேட்டார்கள். பெயர் சொல்லாமல் எல்லாருக்குமாக எழுதட்டுமா என்றேன், சரி என்றீர்கள். எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கையோடு கொண்டுவந்த அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவேண்டும். கால் கிலோ பாக்கெட் நாலு, மொத்தம் ஒரு கிலோ, உங்கள் கடையில் போட்ட அப்பளம். பெங்களூருக்குப் போய், ஆள் இல்லையென்று திரும்பி வந்திருந்தது. பிரித்தால் முக்கால்வாசி நொறுங்கல். அதைவிட உங்களுக்கு ஆத்திரம் கூரியர் பில்லில். "ஒரு கிலோ சரக்குக்கு மூணு கிலோன்னு போட்டிருக்கான், பகல் கொள்ளை" என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் உங்கள் மகள் என் மேஜையில் கிடந்த ஸ்கேலை எடுத்துப் பெட்டியை அளந்தாள். நீளம் 30 சென்டிமீட்டர், அகலம் 25, உயரம் 20. பெருக்கினால் 15,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 3. "பெட்டி அடைக்கிற இடத்துக்குக் காசுப்பா, எடைக்கு இல்லை" என்றாள். கூரியர்காரர்கள் பலரும் வைத்திருக்கிற வாய்ப்பாடு அதுதான். நிஜ எடை, இட எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குக் காசு. பஞ்சு, பொரி, அப்பளம் மாதிரி எடை இல்லாத சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லாரும் அடிபடுகிற இடம் இது. யாரும் உங்களை ஏமாற்றவில்லை அண்ணாச்சி. பெட்டிதான் பெரிசு.

அவள் அதோடு விடவில்லை. நாலு பாக்கெட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். 28 சென்டிமீட்டர் உயரம், 14-க்கு 14 அடிப்பாகம். கணக்குப் பார்த்தால் 1.1 கிலோ. அரைக் கிலோ அரைக் கிலோவாக ஏற்றிப் போட்டாலும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகாது. கூலி பாதியாகிறது. அதோடு, பெரிய பெட்டியில் பேப்பர் திணித்து அனுப்பியதால்தான் பாக்கெட்டுகள் உருண்டு உடைந்திருக்கின்றன. இறுக்கமான பெட்டியில் உருள இடம் ஏது?

உங்கள் குரல் பதிவில் இந்தச் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கோ அன்று முழுக்க அது மட்டும்தான் மனதில் நின்றது. முப்பது வயதில் கம்பெனிக்காரர்கள் சம்பளம் கொடுத்துத் தேடுகிற கண் அது. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு இருக்கிறது.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். பயம் பொய் இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற ஏஐ கருவி வந்ததிலிருந்து சில வேலைகள் கண்முன்னே கரைகின்றன. பில்லைப் பார்த்து டைப் அடிப்பது, பேங்க் வரவையும் கணக்குப் புத்தகத்தையும் வரிவரியாக ஒத்துப் பார்ப்பது, வாடிக்கையாளருக்கு ஒரே பதிலை நூறு தடவை எழுதுவது, சரக்கின் போட்டோவுக்குப் பின்புறம் மாற்றுவது: இவற்றை மட்டும் தெரிந்துகொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இனி கஷ்டம்தான். அதற்காக கம்ப்யூட்டர் படிப்பில் சேர்த்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். சின்னச் சின்ன புரோகிராம் எழுதித் தருவதும் அதே கருவி செய்கிற வேலைகளில் ஒன்று. இஞ்சினியரிங் பேச்சை விட்டுவிடுங்கள். அவள் எடுத்தது கணிதம் இல்லாத காமர்ஸ் குரூப். பக்கத்து வீட்டு மாமா சொன்னார் என்பதற்காக இல்லாத கதவைத் தட்ட வேண்டாம்.

என் சித்தப்பா ஒருவர் ஜங்ஷன் பக்கம், காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசுகிற எஸ்டிடி பூத் வைத்திருந்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. எங்கள் பக்கம் அதன் சூடு தெரிய இன்னும் ஐந்தாறு வருஷம் ஆனது. செல்போன் வந்து பூத்துக்குக் கூட்டம் குறைந்ததும் ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினார். பிளஸ் டூ ரிசல்ட் அன்று தெருவரை வரிசை நிற்கும். அப்புறம் எல்லார் கையிலும் நெட் வந்தது, 2016-க்குப் பிறகு சொல்லவே வேண்டாம். ரீசார்ஜ் வியாபாரமும் போயிற்று. இன்று அதே பத்துக்கு எட்டு கடையில் பட்டா விண்ணப்பம், ஸ்காலர்ஷிப், ஃபுட் லைசென்ஸ் என்று பதிவு செய்துகொடுக்கிறார். ஜனங்கள் தேடி வருவது கம்ப்யூட்டருக்காக இல்லை, அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. "அண்ணாச்சி போட்டா தப்பு வராது" என்பதற்காக வருகிறார்கள். நடுவில் ரெண்டு வருஷம் கடன்பட்டுத் தவித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாறுவது சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை.

உங்கள் தொழிலிலேயே பாருங்கள். உங்களுக்கு உளுந்து முக்கால் முதல். நம் நாட்டு விளைச்சல் போதாமல் பர்மாவிலிருந்து வருகிறது. அங்கே கொஞ்சம் ஆட்டம் கண்டால் இங்கே மூட்டை விலை ஏறும். உங்கள் அப்பா காலத்தில் விருதுநகர் மண்டிக்காரர் சொன்னதுதான் விலை. இப்போது நீங்களே போனில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுகிறீர்கள். ஆனி ஆடிச் சாரலில் அப்பளம் காயாது என்று முன்னெல்லாம் மானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், இப்போது போனில் வானிலைப் படத்தைப் பார்த்துவிட்டு மாவு பிசைவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதாக நீங்களே சொன்னீர்கள். யுபிஐ 2016-ல் வந்தபோது கல்லாவில் காசு பார்க்காமல் வியாபாரமா என்றவர், இன்று ஸ்பீக்கர் பெட்டி 'ரூபாய் பெறப்பட்டது' என்று கத்துவதைக் காதில் வாங்கிக்கொண்டே பொட்டலம் கட்டுகிறீர்கள். ஆக, பழைய தொழில்காரன், புதுசு தெரியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள். உங்களுக்கு இல்லாதது ஒன்றுதான்: கடையைத் தாண்டிப் போகிற சரக்கின் கணக்கைக் கட்டி மேய்க்க ஒரு ஆள்.

அந்தக் கணக்கு லேசுப்பட்டதில்லை. எதிரே நிற்கிற ஆளுக்கு விற்றால் காசு உடனே கையில். ஆன்லைனில் விற்றால் அவன் கமிஷன், கூரியர் கூலி, திரும்பி வந்த பார்சலுக்குப் போகவர ரெண்டு கூலி எல்லாம் பிடித்துக்கொண்டு, பத்து ஆர்டருக்குச் சேர்த்து ஒரு தொகை பேங்கில் விழும். எந்த ஆர்டரில் லாபம், எதில் கைக்காசு போயிற்று என்று அந்த ஒற்றைத் தொகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிரித்துப் போட்டால்தான் தெரியும். எந்தப் பின்கோடிலிருந்து பார்சல் அடிக்கடி திரும்புகிறது, டெலிவரியின்போது காசு என்று கேட்பவர்களில் எத்தனை பேர் வாங்காமல் விடுகிறார்கள் என்றெல்லாம். பெரிய ஊரில் இதற்கு டேட்டா அனாலிட்டிக்ஸ் என்று பெயர். நம்மூரில் பேரேடு பார்க்கிறது. ரெண்டும் ஒன்றுதான், கருவி வேறு.

வரியிலும் இதே கதை. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, எந்த வடிவத்தில் இருந்தாலும். ஆனால் உங்கள் கடையிலேயே அப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எல்லாப் பாக்கெட்டுக்கும் அப்படி இல்லை. ஏஐயிடம் கேட்டால் பதில் சொல்லும், தயங்காமல் சொல்லும். தப்பாகவும் அதே தெம்போடு சொல்லும். நோட்டீஸ் வந்தால் அதன் பெயருக்கு வராது, உங்கள் பெயருக்கு வரும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது எல்லாம் கம்ப்யூட்டரில் போய்விட்டது, இனிமேல் கணக்குப்பிள்ளை எதற்கு என்றுதான் பேசினார்கள். எனக்குத் தெரிந்த ஆடிட்டர் அலுவலகங்களில் அதற்குப் பிறகு நாற்காலி போட இடம் இல்லாமல் போயிற்று. நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று நான் எழுதித் தரமாட்டேன். ஆனால் கருவி போட்ட கணக்கைப் பார்த்து 'இது சரி, இது தப்பு' என்று சொல்லத் தெரிந்தவளுக்கும், கருவிக்குத் தீனி மட்டும் போடுகிறவளுக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் வரப்போகிறது. உங்கள் மகளை முதல் வகையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை.

அதனால் பி.காம். தாராளமாகச் சேருங்கள். சாதா பி.காம்., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் சேர்ந்த பி.காம். எது கிடைத்தாலும் சரி. இந்த வித்தியாசத்துக்காகத் தூரத்துக் கல்லூரியில் நன்கொடை கொடுக்காதீர்கள். பாபநாசத்தில் திருவள்ளுவர் கல்லூரி, ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி, டவுனுக்கு வர முடியுமானால் ராணி அண்ணா என்று பக்கத்திலேயே முதலில் பாருங்கள். அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும்தான், கடைசி நாள்வரை இழுக்காதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவர்களுக்கும் இப்போது சேர்த்திருக்கிறார்கள். மாதம் ஆயிரம் என்பது பஸ், ரயில் பாஸ் போக மீதி வரும்.

மூன்று வருஷத்தில் பாடப் புத்தகம் அவளுக்குப் பட்டம் வாங்கித் தரும். வேலைக்கு ஆகிற மூன்று பழக்கங்களை அவளாகத்தான் பிடிக்கவேண்டும். எக்செல்லில் அவள் அப்பா கடைக் கணக்கையே போட்டு, தட்டித் தட்டிப் பிரிக்கக் கற்றுக்கொள்வது ஒன்று. முதல் வருஷ லீவிலேயே ஒரு ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்து டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி ரிட்டர்ன் பார்ப்பது இன்னொன்று. சம்பளம் தரமாட்டார்கள், டீ தருவார்கள், பரவாயில்லை. மூன்றாவது, எழுத்து. சரக்கு உடைந்து போய்ச் சேர்ந்தது என்று கோபமாக எழுதுகிற பெங்களூர்க்காரருக்கு நாலு வரியில், பணிவாகவும் விட்டுக்கொடுக்காமலும் இங்கிலீஷில் பதில் எழுதத் தெரியவேண்டும். முதலில் அவள் எழுதட்டும், அப்புறம் ஏஐயிடம் கொடுத்துத் திருத்தட்டும். முதலிலேயே அதை எழுதச் சொன்னால் அவளுக்கு ஒருநாளும் வராது.

சி.ஏ. பற்றிக் கேட்டீர்கள். பிளஸ் டூ முடித்ததும் அதன் முதல் படியான ஃபவுண்டேஷன் பரீட்சைக்குப் பதிவு செய்யலாம். கடினமான பரீட்சை, வருஷக்கணக்கில் இழுக்கும். முதல் வருஷம் கணக்குப் பாடம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தென்காசி சோஹோ கம்பெனி பற்றி மகள் கேட்டாள், உங்கள் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டாள். அவர்களே நடத்துகிற பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, உதவித்தொகை கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள். மத்தளம்பாறை என்ற கிராமத்தில் உட்கார்ந்து உலகத்துக்கெல்லாம் கணக்கு சாஃப்ட்வேர் விற்கிறவர்கள். தேர்வு எழுதிப் பார்க்கட்டுமே. கிடைக்காவிட்டால் பி.காம். இருக்கவே இருக்கிறது. ஆனால் ஒருவருக்கும் காசு கட்டாதீர்கள். 'ஏஐ டிஜிட்டல் மார்க்கெட்டிங், மூன்று மாதம், அறுபதாயிரம், வேலைக்கு உத்தரவாதம்' என்று ஒரு நோட்டீஸை நீங்கள் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததைப் பார்த்தேன். வேலைக்கு உத்தரவாதம் என்று அச்சடித்தவரிடம், போன வருஷம் முடித்த ரெண்டு பேரின் நம்பரைக் கேளுங்கள். போதும்.

மதினி கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: "அவ கல்யாணமாகிப் போயிட்டா கடை என்னாகும்?" மாவு பிசைகிற இடம்தான் மதினி, கல்லிடைக்குறிச்சியை விட்டு நகராது. ஆர்டர், கணக்கு, கூரியர் எல்லாம் ஒரு லேப்டாப்பில் அடங்குகிற வேலை. அவள் கோயம்புத்தூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் பார்க்கலாம். அந்த ஒரு விஷயத்துக்காகவாவது நீங்கள் இந்த இன்டர்நெட்டைத் திட்டாமல் இருக்கலாம்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. கல்லூரி திறக்கிறவரை ஆன்லைன் விற்பனையை முழுக்க அவளிடம் விட்டுவிடுங்கள். பத்தாயிரம் ரூபாய்வரை நஷ்டமானால் கேட்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி கேட்காமலும் இருங்கள். பெட்டி அளவு, விலை, எந்த ஊருக்கு அனுப்புவது என்பதை அவள் முடிவெடுக்கட்டும். வீட்டுப் பிள்ளைதானே என்று சும்மா வேலை வாங்காதீர்கள், மாதம் ஒரு தொகை அவள் கணக்கில் போடுங்கள்.

போகும்போது அவள் உங்களிடம் போன ஆறு மாத கூரியர் பில்களைக் கேட்டாள். நீங்கள் "அதெல்லாம் எதுக்கு" என்றீர்கள். கம்பியில் குத்தி வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.