கிரேக்கப் பானைகளின் கறுப்பு, எந்தச் சாயம்?

கேள்வி: பண்டைய கிரேக்கப் பானை ஓவியங்களில் 2,500 ஆண்டுகளாகியும் மங்காத அந்தக் கறுப்பு எதனால் ஆனது?

சாயமே இல்லை. பானையும் கறுப்பும் ஒரே வகை மண்தான். ஏதென்ஸ் வட்டாரக் களிமண்ணில் இரும்பு அதிகம். அதை நீரில் கரைத்துத் தெளியவிட்டால் மணல் அடியில் தங்கும், மிக நுண்ணிய துகள் மட்டும் மேலே நிற்கும். அந்த நீரை வற்றவைத்த குழம்பைத்தான் தூரிகையில் தொட்டு எழுதினார்கள். எழுதும்போது அது கறுப்பாகத் தெரியாது, செம்மண் மேல் செம்பழுப்பாகத்தான் இருக்கும். கறுப்பு சூளைக்குள் பிறப்பது.

முதலில் காற்றை உள்ளே விட்டுச் சுமார் 800 டிகிரி வரை சுடுவார்கள், எல்லாமே சிவப்பாகும். பிறகு காற்றுவழியை அடைத்து, ஈர விறகைப் போட்டுப் புகையோடு 900-950 டிகிரிக்கு ஏற்றுவார்கள். ஆக்சிஜன் கிடைக்காமல் இரும்பு கறுக்கும், பானை முழுதும் கறுப்பு. இந்தச் சூட்டில் நுண்குழம்பு இளகிக் கண்ணாடிபோல் இறுகிவிடும், பானையின் உடலோ துளைகளோடு அப்படியே இருக்கும். சூடு இறங்கும்போது மறுபடி காற்றைத் திறந்தால், துளைகள் வழியே ஆக்சிஜன் புகுந்து உடல் மீண்டும் சிவக்கும். இறுகிய குழம்புக்குள் காற்று புகாது, அது கறுப்பாகவே நின்றுவிடும். மூன்று கட்டமும் ஒரே சூளையேற்றத்தில்.

தவறுகள் பானையிலேயே பதிந்திருக்கும். குழம்பு மெலிந்த இடம் பழுப்பாகும். கடைசிக் கட்டத்தில் சூடு மிஞ்சினால் கறுப்பும் சிவந்துவிடும். சில கிண்ணங்களின் உட்புறத்தில் வட்டமாக ஒரு சிவப்புத் தடம் தெரியும்: மேலே அடுக்கிய கிண்ணத்தின் பாதம் மறைத்ததால் அங்கே புகை சரியாக எட்டவில்லை.

முதலில் வந்தது கறுப்பு உருவம்: உருவத்தைக் குழம்பால் நிரப்பி, விவரங்களைக் கூரிய முனையால் கீறுவது. ஏதென்ஸ் பானை ஓவியர் எக்செகியாஸின் ஜாடி ஒன்று வத்திக்கானில் உள்ளது; அதில் டிராய் போர்க்கதையின் வீரர்கள் அக்கிலீஸும் அயாஸும் குனிந்து காய் உருட்டுகிறார்கள். வாய்க்கருகே 'நான்கு', 'மூன்று' என்று எழுத்து. மேலங்கியின் பூவேலை முழுக்க முடிகனக் கீறல். கீறினால் திருத்த முடியாது, அதனால்தான் அந்தக் கை என்னை இன்றும் அசத்துகிறது. கி.மு. 530-520 வாக்கில் முறை தலைகீழானது. பின்னணியைக் கறுப்பாக்கி உருவத்தை மண்ணின் சிவப்பிலேயே விட்டார்கள். கீறலுக்குப் பதில் தூரிகைக் கோடு வந்ததும் தசையும் முதுகின் திருப்பமும் உயிர் பெற்றன. கெட்டியான குழம்பில் இழுத்த கோடு மேடாகவே நிற்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும்.

கிரேக்கர்களின் சுவரோவியங்களும் பலகை ஓவியங்களும் அநேகமாக அழிந்துவிட்டன. அவர்கள் எப்படி வரைந்தார்கள் என்பதற்கு நமக்கு மிஞ்சிய பெரிய சான்று இந்தப் பானைகளே. முழுசாகக் கிடைத்தவற்றில் பல இத்தாலியின் பண்டைய எட்ரஸ்கன் மக்களின் கல்லறைகளில் இருந்தவை, எக்செகியாஸின் அந்த ஜாடியும் வுல்சி என்ற எட்ரஸ்கன் நகரில் கிடைத்ததுதான்.